ஆணியில் தொங்கிய பெட்டி

ப்ரோக்ராம் எழுதும் பிள்ளைகளே, உங்களில் ஒரு பெண் போன வாரம் எனக்குப் போன் செய்தாள். ஃபைலில் சேமித்து வைத்த ஆப்ஜெக்ட்களை, அதாவது தகவல் துண்டுகளை, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் ஒவ்வொன்றாக எடுக்கும்போது ப்ரோக்ராம் கிராஷ் ஆகிறதாம். எதுவரை வந்தது என்று திரையில் காட்ட நடுவில் ஒரு பிரிண்ட் வரி போட்டால் கிராஷ் நின்றுவிடுகிறதாம். “அப்போ பிரிண்டை அப்படியே விட்டுடலாமாக்கா? திங்கட்கிழமை ரிலீஸ்” என்று கேட்டாள். விடக்கூடாது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று போனில் விளக்கினால் பாதியில் மீட்டிங் வந்துவிட்டது என்று ஓடிவிடுவாள். ஆகவே எழுதுகிறேன். அவளை மட்டும் சொல்லவில்லை, நீங்கள் எல்லோருமே அந்த ரகம்தான் என்பது எனக்குத் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருநெல்வேலிக் குடும்பம், மும்பை தாராவியில் வளர்ந்தேன், செம்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதியே தலை நரைத்து, போன வருடம் ரிட்டையர் ஆனேன். கொஞ்சம் வாய் அதிகம் என்பார்கள். அந்த வாயால் ஒரு நாள் ஒரு காரியம் ஆனது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கம்பெனி ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில் இருந்தது. இதயத் துடிப்பைப் படித்து ரிப்போர்ட் போடும் ப்ரோக்ராம்தான் எங்கள் சரக்கு. மயக்கம், படபடப்பு என்று வருகிறவர்களின் மார்பில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சிறு பெட்டியைக் கட்டி அனுப்புவார்கள். ஒரு நாள் முழுக்க அதோடு இருக்க வேண்டும். துடிப்பு முழுவதும் அந்தப் பெட்டியில் பதிவாகும். மறுநாள் பெட்டியைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் இறக்கினால் ஓர் ஆளுக்கு ஒரு ஃபைல். ஃபைலுக்குள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு துண்டாக ஆப்ஜெக்ட்கள். எங்கள் ப்ரோக்ராம் அவற்றை எடுத்துப் படமாக்கி, டாக்டர் கையில் ரிப்போர்ட்டாகக் கொடுக்கும்.

முதலில் ஒரு தடவைக்கு ஒரு ஃபைல் என்றுதான் ஓடியது. ஒரு குறையும் இல்லை. பிறகு தாராவி ஆட்கள் நிறைய வந்துபோகிற ஒரு டிரஸ்ட் மருத்துவமனை, காலையில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லா நோயாளிகளின் ரிப்போர்ட்டும் வரிசையாக வர வேண்டும் என்று கேட்டது. அதன் பெயர் வேண்டாம். எங்கள் முதலாளி கிரீட் பாய் உடனே சரி என்றுவிட்டார். என்னோடு வேலை பார்த்த ராமநாதன் எல்லா ஃபைல்களையும் ஒரே லூப்பில் போட்டார். நேரத்தை மிச்சப்படுத்த இன்னொன்றும் செய்தார். ஒருவருடைய ரிப்போர்ட் தயாராகிக்கொண்டிருக்கும்போதே அவர் ஃபைலை மூடி, அடுத்தவர் ஃபைலைத் திறந்துவிடும்படி வைத்தார்.

கிராஷ் அன்றைக்கே ஆரம்பித்தது. தினமும் வராது, ஒரே இடத்திலும் வராது. ராமநாதன் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், மென்மையான மனிதர், கெட்டிக்காரர். எங்கே உடைகிறது என்று பார்க்க லூப்பில் ஒரு பிரிண்ட் வரி போட்டார். போட்டதும் கிராஷ் நின்றுவிட்டது. எடுத்தால் திரும்பவும் வந்தது. அவர் என்ன செய்தார் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ‘இதைத் தொடாதீர்கள்’ என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்.

“இது ஏன் இங்க இருக்கு?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும், முத்துலட்சுமி. உங்களை என்ன பண்றது அது?” என்றார்.

ஆயுத பூஜைக்கு நாங்கள் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைப்பது உண்டு. அந்த வரிக்கும் சேர்த்து ஒரு பொட்டு வைக்கலாமா என்று கேலி செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மருத்துவமனை புதுக் கம்ப்யூட்டர் வாங்கியது. வேகம் கூடியது. பிரிண்ட் வரியின் மகிமை தீர்ந்து, கிராஷ் மறுபடி தலைகாட்டியது. இந்தத் தடவை ராமநாதன் ஒரு பேட்ச் எழுதினார். ஏதாவது ஒரு துண்டைத் தொடும்போது மெமரி தகராறு செய்தால், அந்தத் துண்டை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ என்பதுதான் பேட்ச். அதைப் போட்டுவிட்டு வரச் சொல்லி ஒரு திங்கட்கிழமை காலை கிரீட் பாய் என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார். பேட்ச் ஒரு பென் டிரைவில் என் கைப்பைக்குள் இருந்தது.

வராந்தாவில் நின்று ராமநாதனோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள்.

“அக்கா, நீங்க திருநவேலியா? இந்த ஹார்ட் பெட்டி கம்பெனியா?”

ஆமாம் என்றேன். அவள் பெயர் ஆயிஷா. அவளுடைய வாப்பா பீர் முகமது தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். அவர் பெஞ்சிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் புதிய பிளாஸ்திரி.

“வாப்பாக்கு அடிக்கடி மயக்கம் வருதுக்கா. போன வியாழக்கிழமை பெட்டி கட்டி விட்டாவ. சனிக்கிழமை ரிப்போர்ட்டு வந்துச்சு. ஒண்ணும் இல்ல, வெயிலு, தூக்கக் குறைவு, உப்பு போட்டுத் தண்ணி குடிங்கன்னு சொல்லிட்டாவ. நேத்து பட்டறையில திரும்பவும் விழுந்துட்டாவக்கா. கட்டிங் மெஷின் பக்கத்துல. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா தலையே போயிருக்கும்.”

டாக்டரிடம் மறுபடி காட்டச் சொன்னேன். அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்றாள். ஆனால் போகவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“ஒரு விஷயம் கேக்கணும். டாக்டர்ட்ட சொல்லிராதீய. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போவ முன்ன வாப்பா குளிச்சாவ. மெஷினு நனைஞ்சிரும்னு பயந்து, வயரை எல்லாம் பிச்சு, பெட்டிய பட்டறையில ஆணியில மாட்டிட்டாவ. தொழுதுட்டு வந்துதான் திரும்ப ஒட்டுனாவ. அதனால ரிப்போர்ட்டு தப்பா வந்திருக்குமோ?”

ஒரு மணி நேரம் பதிவாகாததால் பெரிய தப்பு வராது, அந்த இடம் மட்டும் வெறும் கோடாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பிரித்தேன். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிப் பக்கம். வெறும் கோடு இல்லை. அழகான துடிப்பு. சீராக, ஆரோக்கியமாக, ஒன்று பின் ஒன்றாக. அதற்கடுத்த பக்கமும் அப்படியே.

ஆணிக்கு இதயம் துடிக்காது. கிராஷ் ஆனபோதெல்லாம் எரிச்சல்தான் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் முதல்முறையாக என் தொழிலைக் கண்டு பயந்தேன்.

ராமநாதனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அப்போ அது யாரோட ஹார்ட்?” என்றார்.

“அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கேன்.”

“சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்கோ. ப்ரோக்ராமைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிச்சுடறேன். காரணம் தெரியாம டாக்டர்ட்டப் போய் நின்னா நம்மளை என்ன நினைப்பா?”

பிறகு கிரீட் பாயையும் கூப்பிட்டேன். அவர் இன்னும் சுருக்கமாக முடித்தார். “பெஹ்லே பேட்ச் டாலோ. பாக்கி பாத் மே தேக்தே ஹை.” முதலில் பேட்சைப் போடு, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று அர்த்தம். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஆர்டர் கைமாறிப் போனால் மாடியில் இருக்கும் அத்தனை பேருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கவலை அவருக்கு.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். ராமநாதன் சொன்னதிலும் நியாயம் உண்டு. நம் தொழிலில் காரணம் தெரியாமல் வாய் திறக்கக் கூடாது என்றுதான் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் காரணம் தெரியாவிட்டாலும் விளைவு என் கையில் அச்சாகி இருந்தது. ஒருவர் பெயருக்கு இன்னொருவர் இதயம் போகிறது என்றால், அடுத்து அச்சாகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டும் சந்தேகம்தான். ஏன் எரிகிறது என்று தெரிந்த பிறகா கேஸை அணைப்போம்? டாக்டர் என்னை முட்டாள் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு பயம் குறைந்துவிட்டது.

ஆயிஷாவிடம், “நீ சொன்னதை நான் டாக்டர்ட்ட சொல்லத்தான் போறேன். உங்க வாப்பாவுக்காகத்தான்” என்றேன். என்னை முறைத்தாள். ஆனாலும் கூடவே வந்தாள்.

டாக்டர் என் வயதுப் பெண்மணி. ஆங்கிலத்தில்தான் பேசினோம், இங்கே தமிழில் தருகிறேன். ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, ஆணி விஷயத்தைச் சொன்னேன். “இந்தப் பக்கத்தில் இருக்கும் துடிப்பு இவருடையதாக இருக்க முடியாது. எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிகிறவரை எங்கள் மெஷின் கொடுத்த எந்த ரிப்போர்ட்டையும் நம்பாதீர்கள். இன்றைக்கு ஒன்றையும் அச்சடிக்க வேண்டாம்” என்றேன்.

“உங்கள் கம்பெனிக்கு இது தெரியுமா?”

“தெரியும். பேட்ச் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “இவருடைய இதயம் இவர் பெயரில் இல்லை என்றால், வேறு யார் பெயரில் இருக்கிறது?”

அவரே எழுந்து போய்ச் சனிக்கிழமை ரிப்போர்ட்களை எடுத்து வந்து, ஒவ்வொன்றிலும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிப் பக்கத்தைத் திருப்பினார். பீர் முகமதுக்கு வரிசையில் ஒருவர் முன்னால் இருந்தவனின் ரிப்போர்ட்டில் கை நின்றது. அங்கே வெறும் கோடு இருந்தது. வயர் கழன்றிருக்கும் என்று விட்டுவிட்டதாக அவரே சொன்னார். மற்றப் பக்கங்களில் இதயம் நடுநடுவே நின்று நின்று ஓடியிருந்தது.

“இந்தப் பையன் மாடி வார்டில் இருக்கிறான். பேஸ்மேக்கர் வைக்க எல்லாம் தயார். மத்தியானம் ஆபரேஷன்.”

டாக்டரோடு நானும் மாடி வார்டுக்குப் போனேன். பையன் பெயர் சுரேஷ். தாராவித் தமிழ்ப் பையன்தான். பைக்கில் பார்சல் கொண்டு கொடுக்கிற வேலை. வெயிலில் ஒரே ஒரு தடவை தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறான், கூட இருந்தவர்கள் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். பெட்டியை எப்போதாவது கழற்றினாயா என்று டாக்டர் கேட்டார்.

“நஹி டாக்டர். ஏக் மினிட் பி நஹி” என்றான். ஒரு நிமிடம்கூடக் கழற்றவில்லை.

கீழே வந்து அவன் ஃபைலை மட்டும் தனியாக, பழைய முறையில் ஓட்டினேன். பன்னிரண்டு மணிக்குக் கோடு இல்லை. நாள் முழுக்கக் குதிரை ஓடுவது போலச் சீரான துடிப்பு. பீர் முகமதின் ஃபைலைத் தனியாக ஓட்டினேன். ஜும்மா நேரத்தில் வெறும் கோடு. மீதி நேரமெல்லாம் நின்று நின்று ஓடும் இதயம். டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஆபரேஷன் தியேட்டரைக் கூப்பிட்டு, நேரம் அப்படியே இருக்கட்டும், ஆள் மட்டும் வேறு என்றார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பீர் முகமது என் கையைப் பிடித்தார். “குளிச்சது தப்பாம்மா?” என்று கேட்டார்.

“நீங்க குளிச்சதுதான் நல்லதாப் போச்சு பெரியவரே” என்றேன். ஆயிஷா அதற்குள் என்னை முறைப்பதை நிறுத்தியிருந்தாள்.

சற்று நேரத்தில் ராமநாதன் கூப்பிட்டார். காரணம் பிடிபட்டுவிட்டது. ஃபைலிலிருந்து நாம் எடுக்கும் ஆப்ஜெக்ட் நம்முடையதாகிவிடுவதில்லை. அது இன்னமும் ஃபைலுக்குச் சொந்தம். ஃபைலை மூடினால் அதுவும் போய்விடும். நம்மிடம் மிஞ்சுவது மெமரியில் அது இருந்த இடத்தின் விலாசம் மட்டும். தாராவியில் ஒரு கோலியை, அதாவது ஒற்றை அறை வீட்டை, காலி செய்துவிட்டு ஒரு குடும்பம் போகிறது என்று வையுங்கள். பழைய விலாசத்தை வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால் புதுக் குடித்தனக்காரர் திறப்பார். நாம் பெயர் கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், அவர் கதையைத்தான் கேட்டுவிட்டு வருவோம்.

எங்கள் லூப்பில் நடந்தது அதுதான். சுரேஷின் ரிப்போர்ட் தயாராகி முடிவதற்குள் அவன் ஃபைல் மூடி, பீர் முகமதின் ஃபைல் திறந்து, அதே இடத்தில் குடியேறிவிட்டது. பீர் முகமதின் இடத்தில் அவருக்கு அடுத்தவர் வந்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே மாடல் பெட்டி கட்டியிருந்தால் துண்டுகளின் அளவும் ஒன்று, அச்சுப் பிசகாமல் பொருந்திவிடும், ஒரு சத்தமும் வராது. ஒருவர் பழைய மாடல், இன்னொருவர் புது மாடல் என்றால் அளவு முட்டும், அப்போதுதான் கிராஷ். ராமநாதனின் பிரிண்ட் வரி ஒன்றையும் குணப்படுத்தவில்லை. லூப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தியது, அதற்குள் முந்தின ரிப்போர்ட் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். புதுக் கம்ப்யூட்டரில் அந்தத் தாமதமும் இல்லாமல் போயிற்று. என் கைப்பையில் இருந்த பேட்ச் இன்னும் மோசம். அது போயிருந்தால் கிராஷ்கூட வந்திருக்காது. தப்பான ரிப்போர்ட்கள் மட்டும் நல்லபடியாக வந்துகொண்டே இருந்திருக்கும்.

சரி செய்வது சிறிய வேலை. ஃபைலை மூடும் முன் ஒவ்வொரு துண்டுக்கும் நமக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அதை நாமே அழிக்க வேண்டும், ஒரே ஒரு தடவை. இதெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், மேலே நான் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. நான் கேட்டுக்கொள்வது வேறு. ப்ரோக்ராம் கிராஷ் ஆனால் அதைத் திட்டாதீர்கள். தப்பு நடந்தவுடன் சத்தம் போட்டுச் சொல்கிற ஒரே ஆள் அதுதான். அதன் வாயை அடைப்பதற்கு முன், அது யாரைப் பற்றிப் பேசுகிறது என்று கேளுங்கள். ஏன் சரியானது என்று தெரியாமல் ஒன்று சரியாகிவிட்டால், அது சரியாகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின வாரங்களில் வந்த ஃபைல்களை எல்லாம் ராமநாதனும் நானும் திரும்ப ஓட்டினோம். இன்னும் சில ரிப்போர்ட்கள் இடம் மாறியிருந்தன. நல்ல வேளை, அவற்றை நம்பி யார் உடம்பிலும் கத்தி வைக்கவில்லை. கிரீட் பாய் வெகு நாள் என்னோடு சாய் குடிக்கவில்லை. அவர் கோபம் அவருக்கு. ஆர்டர் போகவில்லை, அந்த டாக்டர்தான் போக விடவில்லை. தங்கள் தப்பைத் தாங்களே சொல்ல வந்தவர்களைத்தான் அவர் நம்புவாராம். ராமநாதன் ‘இதைத் தொடாதீர்கள்’ என்ற வரியைத் தானே அழித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானத்துக்குத் திரும்புகிறேன். பீர் முகமது தியேட்டருக்குள் போன பிறகு வெளியே வந்தேன். வாசல் படியில் சுரேஷ் ஹெல்மெட்டும் பையுமாக நின்றுகொண்டிருந்தான். நான் யார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“க்யா மேடம், டைம்பாஸ் சாலூ ஹை க்யா? என்னை வச்சு விளையாடுறீங்களா? ரெண்டு நாளா வேலைக்குப் போகலை. முதல்ல உனக்கு ஹார்ட் ப்ராப்ளம்னாங்க, எங்கம்மா அழுது ஊரையே கூட்டிட்டாங்க. இப்ப ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போன்னு சொல்றாங்க. உங்களுக்கெல்லாம் ஆள் கிடைக்கலையா?”

வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். ஆனாலும் திட்டட்டும் என்று நின்றேன். அவன் திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாக இருந்தது. பேசிக்கொண்டே சட்டைக்குள் கையை விட்டு மார்பின் இடது பக்கத்தைச் சொறிந்தான். ஆபரேஷனுக்காகக் காலையில் அங்கே முடியை மழித்திருந்தார்கள், மருந்து தடவி வட்டம்கூடப் போட்டிருந்தார்கள்.

“அரிக்குது வேற. இது எப்போ முளைக்கும்?” என்று கேட்டான்.

“பத்து நாள்ல முளைச்சிரும்ப்பா” என்றேன். அவன் இன்னும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, சொறிந்தபடியே பைக்கை எடுக்கப் போனான்.